கூற்றும் காரணமும்

பத்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் ‘கூற்று - காரணம்’ என்னும் வினாவகையை அறியாதார் இரார். மேலே ஒரு கூற்று இருக்கும். அதன்கீழ் ஒரு காரணம் இருக்கும். இரண்டும் சரியா, சரியாயின் காரணம் கூற்றை விளக்குகின்றதா, விளக்கவில்லையா, இரண்டனுள் ஒன்று மட்டும் சரியா என்று ஆராய்ந்து, நான்கு விடைகளுள் ஒன்றைக் குறித்தல் வேண்டும். மதிப்பெண் ஒன்றே. தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் பின்பற்றிய காலத்தும் புதுவைப் பிள்ளைகள் இவ்வினாவைக் கண்டனர். 2023-24ஆம் கல்வியாண்டில் தொடங்கி அரசுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாறிய பின்னரும் காண்கின்றனர்.

முத்தியால்பேட்டையில் ஞாயிறுதோறும் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு அமர்ந்து பாடம் பார்க்கும் வழக்கம் நமக்கு உண்டு. அவர்கள் எந்த விடையில் மிகுதியாக இடறுகின்றனர் என்று கவனித்து வந்தோம். பொய்யான கூற்றைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் தவறுவது குறைவு. ‘இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை’ என்று குறிக்கவேண்டிய இடத்தில்தான் தடுமாற்றம். நம் ஊர் வரலாற்றிலிருந்தே ஒன்றை எழுதிக் கொடுத்துப் பார்த்தோம். கூற்று: புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்டு 16ஆம் நாளில்தான். காரணம்: 1954 நவம்பர் 1ஆம் நாளிலேயே புதுச்சேரியின் நிருவாகம் இந்திய அரசின் கைக்கு வந்துவிட்டது. பெரும்பாலோர் ‘காரணம் கூற்றை விளக்குகின்றது’ என்றே குறித்தனர்.

இரண்டு நாட்களும் சரியானவை. அவற்றைப் பிள்ளைகள் நன்கு அறிவர். எனினும் நிருவாகம் முன்னரே கைக்கு வந்தது என்பது சட்டம் எட்டாண்டு பிந்தியதற்குக் காரணம் ஆகுமா? முன்னரே வந்துவிட்டது என்றால் ‘பின் ஏன் இத்தனை தாமதம்?’ என்ற வினா அன்றோ வலுப்பெறுகிறது! 1956 மே 28இல் கையொப்பமான உடன்படிக்கைக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962 வரை ஒப்புதல் தரவில்லை என்பதே தாமதத்தை விளக்கும் செய்தி. பிள்ளைகள் தவறியது வரலாற்று அறிவில் அன்று. இரண்டு உண்மைகள் அடுத்தடுத்து நிற்பின் அவற்றிடையே உறவும் உண்டு என்று மனம் தானே கொண்டுவிடுகிறது, அங்கேதான் தவறினர்.

காரணம் உண்மையா என்பது ஒரு வினா. அக்காரணம் கூற்றைத் தாங்குகிறதா என்பது வேறொரு வினா. நம் பள்ளிகள் முதல் வினாவிற்குப் பத்தாண்டுகள் பயிற்சி தருகின்றன. இரண்டாவதற்கு அந்த ஒரு மதிப்பெண்ணோடு சரி.

இதே நகரில், கடற்கரையை ஒட்டிய பகுதியில், 1826இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடைபெறுகின்றது. அங்குப் பள்ளியிறுதி ஆண்டில் பொதுப்பிரிவில் பயிலும் மாணவர் வாரம் நான்கு மணிநேரம் தத்துவம் கற்கின்றனர். பிரான்சு நாட்டுப் பிள்ளைகளைப் போலவே பக்கலோரேயா தேர்வில் நான்கு மணிநேரம் அமர்ந்து அப்பாடத்தில் ஒரே ஒரு விடை எழுதுகின்றனர். கடமை, உண்மை, விடுதலை போன்ற பொருள்களில் இரண்டு வினாக்களும், விளக்கி எழுதுவதற்கு நூற்பகுதி ஒன்றும் தரப்படும். மூன்றனுள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மாணவர் ‘ஆம்’ என்று முடித்தாரா ‘இல்லை’ என்று முடித்தாரா என்பதற்கு மதிப்பெண் இல்லை. அம்முடிவுக்கு எவ்வாறு நடந்து வந்தார் என்பதற்கே மதிப்பெண். முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து மிதிவண்டியில் சென்றடையும் தொலைவில் இத்தகைய தேர்வு ஆண்டுதோறும் நடைபெறுவதை நம்மவர் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அதிலும் குறை இல்லாமல் இல்லை. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் சொல், பின் இரண்டையும் இணைத்துவிடு என்னும் மூன்றடுக்கு அச்சை மனப்பாடம் செய்து தப்பித்துக்கொள்வாரும் உளர். மேலும் பதினேழு வயது வரை காத்திருந்து ஒரே ஆண்டில் கற்பிப்பது காலந்தாழ்ந்த செயல் என்றே தோன்றுகிறது.

நம் முன்னோர் இவ்விரண்டாம் வினாவை எங்ஙனம் கையாண்டனர் என்பதைச் சற்று விரித்துக் காண்போம். ஏனெனில் இது நம் அளவைநூலாசிரியர்கள் மிகவும் நுட்பமாக உழைத்த இடம்.

பௌத்தப் பேராசிரியராகிய திக்நாகர், காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறும் பெரியார், நல்ல ஏதுவிற்கு மூன்று இலக்கணம் வகுத்தார். ஏது நாம் பேசும் பொருளிடத்து இருத்தல் வேண்டும். அதனை ஒத்த பிற இடங்களிலும் இருத்தல் வேண்டும். ஒவ்வாத இடங்களில் இல்லாதிருத்தல் வேண்டும். மலையில் புகை உண்டு; ஆதலின் நெருப்பு உண்டு. அடுக்களையிலும் புகையும் நெருப்பும் உண்டு. நீர்நிலையில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை இவ்வளவை நெறியைத் தமிழில் விரித்துரைப்பதைக் கற்றோர் அறிவர். நெறி நன்றாகவே உள்ளது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இம்மூன்றைக் கற்பித்தாலே பெரும்பயன் விளையும்.

ஆனால் நம் பாத்திரசுவாமி என்னும் ஆசிரியர் ஒரு தடை எழுப்பினார். மைத்திரன் என்பவனுக்குப் பிறந்த பிள்ளைகள் யாவரும் கருநிறத்தர். இன்னும் ஒரு பிள்ளை கருவில் இருக்கிறது. ‘அப்பிள்ளையும் கருநிறமே, மைத்திரன் பிள்ளை ஆதலின்’ என்று ஒருவர் வாதிடுகிறார். மூன்று இலக்கணமும் இதில் பொருந்துகின்றன. பிறக்கப்போவது மைத்திரன் பிள்ளையே. முன் பிறந்தவரிடத்தும் ஏது உண்டு. நாம் கண்ட வெண்ணிறத்தார் எவரும் மைத்திரன் பிள்ளைகள் அல்லர். இருந்தும் இம்முடிவை எவர் உறுதியாக ஏற்பர்? இதற்கு மாறாக, ‘கார்த்திகை மீன் உதித்துவிட்டது, ஆதலின் சற்றுப் பொறுத்து உரோகிணி உதிக்கும்’ என்னும் வாதத்தை நோக்குக. ஏது கார்த்திகையிடத்து இருக்கிறது. முடிவோ உரோகிணியைப் பற்றியது. முதல் இலக்கணமே இங்குப் பொருந்தவில்லை. ஆயினும் வாதம் அசையாமல் நிற்கிறது. ஆகவே மூன்று வேண்டா, ஒன்றே போதும். அவ்வொன்று இருப்பின் மூன்றும் மிகை, இல்லையேல் மூன்றும் வீண் என்பது பாத்திரசுவாமியின் துணிபு. அந்த ஒன்று யாது? முடிவு பொய்யாயின் ஏது இருக்கவே இயலாது என்னும் பிணைப்பு. வடமொழியில் இதனை அந்யதானுபபத்தி என்பர். அது இன்றி இது இல்லை என்று நாம் கூறலாம்.

இதனைப் பிள்ளைகளின் வாயில் வரும் வினாவாக மாற்றுவது கடினம் அன்று. ‘காரணம் உண்மையாக இருந்தும் முடிவு பொய்யாகிவிடக் கூடுமா? கூடும் எனில் அஃது எவ்வாறு என்று ஒரு நிகழ்ச்சியைச் சொல்.’ இவ்வளவே. ஒரு பெண் பிள்ளை, ‘தெரு ஈரமாக இருக்கிறது, ஆகவே இரவு மழை பெய்திருக்கிறது’ என்று எழுதினாள். பக்கத்தில் இருந்தவன், ‘காலையில் எல்லா வீட்டிலும் வாசல் தெளித்திருப்பார்களே’ என்றான். வாதம் சரிந்தது. அவள் சற்று எண்ணி, ‘மொட்டைமாடியும் ஈரமாக இருக்கிறது’ என்று சேர்த்தாள். ‘தொட்டி நிரம்பி வழிந்திருக்கலாம்’ என்றான். ‘எங்கள் மாடி மட்டும் அன்று, எதிர்வீட்டு மாடியும், வேப்பமரத்தின் உச்சி இலையும் ஈரம்’ என்றாள். இப்பொழுது மறுப்பதற்கு அவன் மிக விந்தையான கதை ஒன்றைக் கட்டவேண்டியதாயிற்று; கட்டமுடியாமல் சிரித்துவிட்டான்.

வாதத்தின் வலிமை என்பது இங்ஙனம் படிப்படியாக ஏறுவதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டனர். கார்த்திகைக்கும் உரோகிணிக்கும் உள்ள பிணைப்பு உலக வழக்கில் அரிதாகவே கிடைக்கும். நாள்தோறும் நாம் எதிர்கொள்ளும் வாதங்கள் முற்றும் உறுதியும் அல்ல, முற்றும் வீணும் அல்ல. முடிவைப் பொய்யாக்க எவ்வளவு அரிய கதையைக் கற்பிக்க வேண்டியிருக்கிறது என்பதே வலிமையின் அளவுகோல். அண்டைவீட்டில் எளிதாக நடக்கக்கூடிய கதை போதுமாயின் வாதம் மெலிது.

கற்பிக்கும் முறையிலும் நம்மவர் ஒரு சலுகை தந்துள்ளனர். மாணிக்கநந்தி ஆசிரியர் தம் பரீட்சாமுகம் என்னும் சூத்திர நூலில், அறிஞர் அவையில் வாதிடுவோர்க்கு மேற்கோளும் ஏதுவும் ஆகிய இரண்டு உறுப்புகளே போதும் என்கிறார். எடுத்துக்காட்டு முதலிய ஏனைய உறுப்புகளை இளையோர்க்குக் கற்பிக்கும்போது மட்டும் கையாளலாம் என்று இசைவு தருகிறார். எத்தனை உறுப்பு வேண்டும் என்பதைக் கேட்போன் நிலையைக் கொண்டு முடிவு செய்தல் நம் அளவைநூல் மரபின் சிறப்பு. வேப்பிலையும் மொட்டைமாடியும் வகுப்பறைக்கு உரியனவே என்பதற்கு அவர் துணை நிற்கிறார்.

இதுவரை கூறியது எளிய பகுதி. தெரு ஈரமானால் யாருக்கும் இழப்பு இல்லை. நாம் விரும்பும் முடிவைப் பற்றிய வாதம் வரும்போது என்ன நேர்கிறது?

பிள்ளைகளுக்கு இதனைக் கொடுத்துப் பாருங்கள். கொல்லாமை விரதம் பூண்டோர் யாவரும் புலால் உண்ணார். இப்பெரியவர் புலால் உண்ணார். ஆதலின் இவர் கொல்லாமை விரதம் பூண்டவர். நம் வீட்டுப் பிள்ளைகள் தலையசைப்பர். உடனே மற்றொன்று: யானைகள் யாவும் புலால் உண்ணா, இப்பசு புலால் உண்ணாது, ஆதலின் இப்பசு யானை. வகுப்பே சிரிக்கும். இரண்டு வாதங்களின் எலும்புக்கூடும் ஒன்றே. ஒன்றை ஏற்றதும் மற்றொன்றைக் கண்டு நகைத்ததும் வாதத்தைப் பார்த்து அன்று, முடிவைப் பார்த்து.

இங்கிலாந்தில் ஜோனதன் எவன்ஸ் என்னும் உளவியலாளரும் அவருடைய துணைவர்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதனை எண்களாகவே காட்டியது. பொருந்தாத வாதங்களுள், முடிவு நம்பத்தக்கதாகத் தோன்றியவற்றை 100க்கு 71 விழுக்காடு ஏற்றுக்கொண்டனர். அதே வகைப் பொருந்தாத வாதங்கள் நம்பமுடியாத முடிவோடு வந்தபோது ஏற்பு 10 விழுக்காடே. ஆய்வில் பங்கேற்றோர்க்கு, ‘வாதம் பொருந்துகிறதா என்பதை மட்டும் பாருங்கள்’ என்று தெளிவாகவே கூறப்பட்டிருந்தது. கற்ற பெரியோரும் இதற்கு விலக்கு அல்லர். பிள்ளைகளை மட்டும் குறை கூறுவதற்கு இல்லை.

ஆகையால் பிள்ளைகளின் பயிற்சி பிறர் வாதத்தில் தொடங்கலாம். நம் வாதத்தை எடைபோடும்போதுதான் அது பயிற்சி ஆகும். இதனை எழுதச் சற்றுத் தயக்கம் உண்டு. எனினும் எழுதாமல் விடுவதற்கு இல்லை.

இரவுண்ணாமையை எடுத்துக்கொள்வோம். கைப்பேசி வழியே நம் குடும்பங்களில் சுற்றிவரும் செய்திகளைப் பாருங்கள். ‘கதிரவன் மறைந்தபின் உண்ணும் உணவு நஞ்சாகிறது என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது’ என்பது அவற்றுள் ஒன்று. இரவில் நெடுநேரங்கழித்து உண்பது உடலுக்கு என்ன செய்கிறது என்று மருத்துவ ஆய்வுகள் நடந்துவருவது உண்மை. சில ஆய்வுகள் முன்னதாக உண்பது நன்று என்று காட்டுவதும் உண்மை. உணவு நஞ்சாகிறது என்று எந்த ஆய்வும் கூறவில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளை இதனைத் தேடிப் பார்க்கிறான். அரைமணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடுகிறது. அவன் அந்தச் செய்தியை மட்டும் தள்ளிவிடுவதில்லை. ‘வீட்டில் சொன்னவை எல்லாம் இப்படித்தான் இருக்கும் போலும்’ என்று முடிவு செய்கிறான். விரதத்திற்கு முட்டுக்கொடுத்த கம்பு உளுத்தது என்பதால் விரதமே விழுகிறது. நம் இல்லங்களில் இவ்வாறு நடந்தேறியவற்றை நாம் எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் விரல்கள் போதா.

அமிர்தசந்திர சூரி தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதே பொருளை எவ்வளவு நேர்மையாக எடுத்துரைக்கிறார் என்பதை நோக்குக. எதிராளியின் குறும்பான தடை ஒன்றைத் தாமே எழுப்புகிறார்: தீமையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் பகலில் உண்பதை விட்டு இரவில் மட்டும் உண்ணலாமே, எப்பொழுதும் தீமை நேராதே? இதற்கு அவர் விடை உடல்நலம் பற்றியது அன்று. இரவில் உண்பதில் பற்று மிகுதி என்பது ஒன்று. கதிரொளி இன்றி உண்பவன், விளக்கையே ஏற்றிவைத்தாலும், உணவில் விழும் நுண்ணுயிர்களைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பது மற்றொன்று. ‘இப்பொழுது குழல்விளக்கு இருக்கிறதே’ என்று நம் பிள்ளை கேட்பதன் பாதியை அவர் அந்நாளிலேயே கேட்டுக்கொண்டுவிட்டார். மின்விளக்கின் கீழ்க் காரணத்தின் வலிமை மாறுகிறதா? பூச்சி கண்ணுக்குத் தெரியும் என்னும் அளவில் சற்றுக் குறைகிறது. விளக்கொளியே பூச்சியை ஈர்க்கிறது என்னும் அளவில் குறையவில்லை. மழைக்காலத்து மாலையில் நம் தெருவிளக்கைப் பார்ப்பார்க்கு இதனை விளக்கவேண்டியது இல்லை. பற்றுப் பற்றிய காரணமோ விளக்கோடு தொடர்பே இல்லாதது. இப்படிப் பிரித்து எடைபோட்டுக் காட்டினால் பிள்ளை விரதத்தை மேற்கொள்வான் என்று நாம் உறுதி கூறவில்லை. மேற்கொண்டால் உளுத்த கம்பின் மேல் நிற்கமாட்டான்; மேற்கொள்ளாவிட்டாலும் எதனை மறுக்கிறோம் என்பதை அறிந்து மறுப்பான்.

மற்றொன்று இன்னும் கூர்மையானது. திருக்குறளாசிரியர் சமணரே என்பது நம்மவர் பெரிதும் போற்றும் கருத்து, பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் போன்ற பேரறிஞர் அதற்காக உழைத்துள்ளனர். முடிவை ஒருபுறம் வைத்துக் காரணங்களை மட்டும் பிள்ளைகள்முன் வைத்துப் பாருங்கள். முதல் அதிகாரத்தில் இறைவனைக் குறிக்க எண்குணத்தான் என்னும் சொல் வருகிறது. சித்தருக்கு எட்டுக் குணங்கள் கூறுவது நம் மரபு. ஆனால் பரிமேலழகர் சைவாகமம் கூறும் எண்குணங்களைக் காட்டி உரை கூறிவிட்டார். அது இன்றி இது இல்லை என்னும் பிணைப்பு இங்கு இல்லை. நீலகேசியின் உரைகாரராகிய சமயதிவாகர வாமன முனிவர் குறளை நம் மறை என்னும் பொருள்படக் குறிப்பிடுவது அடுத்த சான்று. அவர் காலத்துச் சமணர் குறளைத் தம் நூலாகக் கொண்டாடினர் என்பதை இச்சான்று வலுவாகக் காட்டும். அவருக்குப் பல நூற்றாண்டு முற்பட்ட ஆசிரியர் சமணர் என்பதைச் சற்றே காட்டும். ஒரே சான்று ஒரு முடிவுக்கு வலிதாகவும் மற்றொரு முடிவுக்கு மெலிதாகவும் இருப்பதைப் பிள்ளைகள் காண இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிட்டவில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் விட்டுவைக்கலாகாது. ‘உழவை இத்துணைச் சிறப்பித்துப் பாடியவர் சமணராதல் இயலாது, உழவில் உயிர்க்கொலை நேரும் ஆதலின்’ என்பர் சிலர். திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் நெல்லும் மணிலாவும் விளைவித்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் இதற்கு மறுமொழி தேட நூலகம் செல்லவேண்டா. விருஷப தேவரே மாந்தர்க்கு உழுதொழில் கற்பித்தார் என்பது நம் புராண மரபு. எதிராளியின் இவ்வாதம் சரிந்ததால் நம் வாதம் நிலைபெற்றுவிட்டதா? இல்லை. ஒரு தட்டிலிருந்து கல் ஒன்று எடுக்கப்பட்டது. மறுதட்டில் எதுவும் வைக்கப்படவில்லை. பிள்ளைகள் பலர் இவ்விடத்தில் வெற்றி முழக்கம் செய்ய முற்படுவதைக் கண்டிருக்கிறோம். பட்டிமன்றப் பழக்கம் அப்படி. கைதட்டல் விழுந்தவுடன் வாதம் முடிந்ததாகக் கொள்வது அங்கு மரபு.

‘இப்படிப் பழக்கினால் பிள்ளைகள் வாயாடிகளாகி விடுவார்களே’ என்று தாய்மார் சிலர் கவலை தெரிவிக்கின்றனர். ‘அநேகாந்தம் கற்றவர்க்கு எல்லாக் கருத்தும் ஒருவகையில் சரிதானே, எடைபோடுவது எதற்கு?’ என்று தந்தையர் சிலர் வினவுகின்றனர். தந்தையரின் வினாவிற்கு விடை சுருக்கமானது. பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு என்பதே அநேகாந்தம்; பொருளைப் பற்றிய எல்லா வாதமும் ஒரே எடை என்பது அன்று. அவ்வாறாயின் அகளங்கர் இத்தனை நூல்களை எழுதியிருக்க வேண்டியதில்லை. ஏனைய பக்கங்களை மறுத்துத் தானே முழுமை என்று நிற்கும் நோக்கினை நயப்போலி என்று பெயரிட்டு ஒதுக்கியதும் நம் நூல்களே.

தாய்மாரின் கவலைக்கு நீலகேசியைக் கொண்டு விடை காண்போம். பலியேற்கும் தெய்வமாக இருந்த நீலி, உயிர்ப்பலிக்கு மாற்றாக மண்ணுருவை வைக்குமாறு கூறிய முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்து, தோற்று, அறங்கேட்டு, பின்னர் ஊர் ஊராகச் சென்று வாதிடுகிறாள். குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், புத்தர் என்று பௌத்தர் நால்வர். அதன்பின் ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி. எங்கும் அவளே வெல்கிறாள். வெல்லாமல் என்ன செய்வாள், நூல் நம்முடையது அன்றோ! மணிமேகலையைத் திறந்தால் நம் நிகண்டவாதி தன் கொள்கையைச் சொல்லி முடிக்கிறான்; மணிமேகலை மனநிறைவின்றி அடுத்தவரிடம் சென்றுவிடுகிறாள். எந்நூலில் எவர் வென்றார் என்பது வாதத்தின் எடையைக் காட்டாது என்பதைப் பிள்ளைகள் இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கையில் தாமே கண்டுகொள்வர்.

நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. நீலகேசி மறுக்க எழுந்த குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியம் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அந்நூலைப் பற்றி இன்று அறியக் கிடைப்பனவற்றுள் கணிசமான பகுதி, அதனை மறுத்த நம் நூலுக்கு வாமன முனிவர் எழுதிய உரையிலிருந்து வந்தது. சக்கரவர்த்தி நயினார் 1936இல் அவ்வுரையோடு நீலகேசியைப் பதிப்பித்திராவிடின் பௌத்தர்க்கும் இழப்பே. இதன் மறுபாதியைக் கேளுங்கள். மேலே கூறிய பாத்திரசுவாமி, பௌத்தரின் மூவிலக்கணத்தை மறுத்து எழுதிய தனிநூலும் மறைந்துபோயிற்று. மைத்திரன் பிள்ளையைப் பற்றிய அவ்வாதத்தை எட்டாம் நூற்றாண்டுப் பௌத்தராகிய சாந்தரட்சிதர் தம் தத்துவ சங்கிரகத்தில் பாத்திரசுவாமியின் சொற்களையே எடுத்தெழுதி, பின்னர் மறுத்துள்ளார். நம்முடையதை அவர் காத்தார். அவருடையதை நாம் காத்தோம். மறுப்பதற்கு முன் எதிராளியின் வாதத்தைக் குறைக்காமல், திரிக்காமல், அவர் சொல்லாலேயே எடுத்துவைக்க வேண்டும் என்ற ஒழுங்கினை இரு தரப்பாரும் பேணியதால் விளைந்தது இது. வாயாடி எதிராளியின் வாதத்தைக் கேட்பதில்லை. எடைபோடுபவன் கேட்காமல் எடைபோட இயலாது.

இதனைக் கொண்டு ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினோம். இருவர் வாதிடும் முன் இடம் மாறி அமரவேண்டும். முதலில் ஒவ்வொருவனும் மற்றவன் கருத்தைத் தன் வாயால் எடுத்துரைக்க வேண்டும். ‘ஆம், இதுவே நான் சொல்ல வந்தது’ என்று மற்றவன் ஒப்புக்கொண்ட பின்னரே மறுப்புக்கு இடம். கருவிகள் எவையும் தேவைப்படவில்லை. ஒரு கரும்பலகையும் பொறுமையும் போதும். முதல் சில வாரங்களில் ஒப்புதல் பெறவே அரைமணி கழிந்தது. ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்னும் சொல் அறை முழுதும் ஒலித்துக்கொண்டிருந்தது. சில வேளைகளில் ஒப்புதல் கிடைத்தபோது மறுக்க வந்தவனுக்கு மறுக்க எதுவும் மிஞ்சாமல் போனதும் உண்டு. எதிராளியின் வாதத்தை நன்கு எடுத்துரைத்தவனுக்கு அதன் மெலிந்த இடம் தானே புலப்படுவதையும் கண்டோம். பூட்டைச் செய்தவனுக்குத் திறவுகோலின் பல் தெரிவதுபோல.

எச்சரிக்கை ஒன்றும் கூறவேண்டும். இப்பயிற்சி பெற்ற பிள்ளை வீடு திரும்பியதும் முதலில் அகப்படுபவர் பாட்டியார். அந்தி மயங்குமுன் அவர் உண்டு முடித்துவிடுகிறார். ‘ஏன் பாட்டி?’ என்கிறான் பேரன். ‘எங்கள் மாமியார் அப்படிச் செய்தார், நானும் செய்கிறேன், கண்ணு’ என்கிறார் அவர். மரபு என்பதை மட்டும் காரணமாகக் காட்டுவது மெலிந்த வாதம் என்று ஞாயிற்றுக்கிழமை கற்றவனுக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் பாட்டியார் வாதிடவில்லை. எதையும் நிறுவ முயலவில்லை. அவனை எதற்கும் இசையச் சொல்லவில்லை. தமக்கு இப்பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொன்னார். அது முழு உண்மை. ‘நீயும் உண்ணக்கூடாது, ஏனெனில் என் மாமியார் உண்ணவில்லை’ என்று அவர் சொன்னால் மட்டுமே அது வாதமாகும், அப்பொழுது எடைபோடலாம். சொல்வது வாதமா, வரலாறா, அன்பா என்று பார்த்தறிவதும் பாடத்தின் ஒரு பகுதியே. பாடநூலில் அதற்குத் தனி வினா இல்லை. நாம் அறிந்த பாட்டியார் பலர் அப்படிச் சொல்வதும் இல்லை. தனிவகுப்பு முடிந்து எட்டு மணிக்கு வரும் பேரனுக்குத் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு, தாம் உண்ணாமல், அவன் உண்டு முடிக்கும் வரை அருகில் அமர்ந்திருப்பர்.